செத்த ஆட்டின் தவிட்டை மற்ற ஆடு தின்றது: இதில் துக்கம் எங்கே?

வாசகர் கேள்வி, ஜனவரி 9, காலை 8.15

மீட்டுக் கொண்டுவந்த மாடு ஒன்று செத்தால் கூட இருந்த மாடு கண்ணீர் விடுகிறது, மூன்று நாள் தின்பதில்லை என்றெல்லாம் வீடியோ வருகிறது. சோகப் பாட்டு வேறு. எங்கள் வீட்டில் இரண்டு வெள்ளாடுகள் நாலு வருஷம் ஒரே கொட்டிலில் இருந்தன. ஒன்று வயிறு உப்பிச் செத்தது. நாங்கள் அதைத் தூக்கிப் போவதற்குள் மற்றது அதன் தவிட்டையும் சேர்த்துத் தின்று முடித்துவிட்டது. கண்ணால் பார்த்தேன். துக்கம் என்பது நாம் அதன் தலையில் ஏற்றிச் சொல்வது என்பதே என் கட்சி. மாடு வைத்திருப்பவர்கள் மறுத்துச் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு 9.40

மறுக்க வரவில்லை, பாதி ஒத்துக்கொள்ள வந்தேன்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோப்பு. ரேஷன் கார்டு கேரளம், வீட்டுப் பேச்சு தமிழ், நோம்பி எல்லாம் பொள்ளாச்சிப் பக்கத்து வழக்கம். 22 வருஷம் பால் சங்கத்தில் பால் அளந்து எழுதினேன். இப்போது தோப்புக்குள் ஒரு பட்டி. ஏழு மாடு, ஒரு எருமை, ஒரு வெள்ளாடு. மாடுகளும் எருமையும் அடிமாடாக லாரி ஏறி வழியில் இறக்கப்பட்டவை. ஆடு தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

கண்ணீர் விஷயத்தில் நானும் உங்கள் கட்சிதான். மாட்டுக்குக் கண்ணில் நீர் வடிந்தால் முதலில் ஈயைப் பாருங்கள், அப்புறம் தூசி, அப்புறம் கண்புழு. லாரியில் மாடு படுத்துவிடக் கூடாது என்று மிளகாய்ப்பொடி தூவுகிற பாவிகளும் உண்டு. அந்தக் கண்ணைப் படம் பிடித்துப் பாட்டுப் போட்டால் அதுவும் சோகமாகத்தான் தெரியும்.

ஆனால் தவிட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் மாமனார் செத்த அன்று ராத்திரி, பக்கத்து வீட்டிலிருந்து வந்த உப்புமாவை நான் இரண்டு தட்டு தின்றேன். அவர் மேல் பாசம் இல்லாமல் இல்லை. காலையிலிருந்து பட்டினி.

ஜனவரி 10, மதியம் 2.05

நேற்று தூக்கக் கலக்கத்தில் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டேன். எடத்தன், வலத்தன் கதை.

2019-இல் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, பொள்ளாச்சிச் சந்தை முடிந்து வந்த லாரி. சந்தை செவ்வாயும் வியாழனும். ஒரு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது 1978-ஆம் வருஷத்து விதி. இதில் பத்தொன்பது இருந்தன. கேரளத்தில் அடிமாட்டு வியாபாரம் சட்டப்படியானது, அதில் எனக்கு வழக்கில்லை. ஏற்றின விதம்தான் வழக்கு. வழக்கு முடியும் வரை மாடுகளைப் பராமரிக்க ஒரு அமைப்பு பொறுப்பேற்றது. அவர்களுக்கு இடம் போதாமல் மூன்றை எங்கள் தோப்பில் கொண்டுவந்து கட்டினார்கள்.

மூன்றில் இரண்டு வண்டிமாடு. கழுத்தில் நுகத்தடி காய்த்த தழும்பு கருங்கல் மாதிரி இருந்தது. பல்லெல்லாம் தேய்ந்து, வயசு சொல்லும் காலம் தாண்டிவிட்டது. இறக்கின பையன் ஒன்றை வேப்பமரத்திலும் மற்றதைக் கிணற்றடியிலும் கட்டினான். ராத்திரி முழுக்க இரண்டும் கயிறு இழுத்துக் கத்தின. தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. விடிகாலையில் என் வீட்டுக்காரர் எழுந்து போய் இரண்டையும் ஒரே முளையில் மாற்றிக் கட்டினார். அப்போதும் அடங்கவில்லை, ஒன்றை ஒன்று முட்டித் தள்ளின. பார்த்துக்கொண்டிருந்த கள்ளு இறக்குகிறவர் சொன்னார்: "சாமி, எடம் வலம் மாறியிருக்குதுங்க." இடம் மாற்றிக் கட்டினதும் இரண்டும் ஒரே மூச்சில் தண்ணீர் குடித்தன.

அதிலிருந்து பெயர் அதுதான். வண்டியும் இல்லை, நுகமும் இல்லை, நாலு வருஷம் எடத்தன் இடப்பக்கமும் வலத்தன் வலப்பக்கமும்தான் நின்றார்கள். மேய்ச்சலிலும் அப்படியே. குளுதாடியில் தண்ணீர் குடிக்கும்போதும் அப்படியே.

2023 ஐப்பசியில் வலத்தன் படுத்தான். படுத்த மாட்டை ஒரே பக்கமாக விட்டால் புண் வந்துவிடும். வைக்கோல் மூட்டையை முட்டுக் கொடுத்து ஒரு நாளைக்கு நாலு தரம் புரட்டிப் போட்டோம். ஆறாம் நாள் சாயங்காலம் போய்விட்டான். ஜேசிபிக்காரர் ராத்திரி பத்து மணிக்குத்தான் தனக்கு நேரம் ஒழியும் என்றார். எடத்தன் மிரளுவான் என்று அவனைக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டினோம். ஆறடிக் குழி, சுண்ணாம்பு, உப்பு. பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்தது.

மறுநாள் காலையில் அவனைப் பழைய முளைக்குக் கொண்டுவந்தோம். இடப்பக்கம் நின்றான். வலப்பக்கம் ஒரு மாடு நிற்கிற அகலம் காலி. ஒன்பது நாள் சரியாகத் தின்னவில்லை. தோப்புக் கேட்டைப் பார்த்தே நின்றான். லாரி, டிராக்டர், எது போனாலும் கத்தினான். இதற்கு என்ன பெயர் வைக்கலாம், சொல்லுங்கள்.

ஜனவரி 10, மதியம் 2.20

"மாடு இறைச்சி வியாபாரத்தைப் பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நான் கோழி தின்கிறவள். அதோடு, 22 வருஷம் பால் ஊற்றின வீடுகளில் பிறந்த காளைக்கன்றுகள் எல்லாம் எங்கே போயின என்று நான் ஒரு நோட்டிலும் எழுதி வைக்கவில்லை. பாலுக்கு மட்டும்தான் கணக்கு எழுதினேன். நிலைப்பாடு அவ்வளவுதான் தம்பி.

ஜனவரி 12, காலை 6.30

ஒரு திருத்தம் போட வேண்டியிருக்கிறது. நான் எழுதினதை வீட்டுக்காரர் படித்துவிட்டு, "ஒன்பது நாளா? எந்தக் கணக்கு?" என்றார். டாக்டர் சீட்டுகளைக் கட்டி வைக்கிற மனுஷர். எடுத்துப் பார்த்தால்: எடத்தன் தின்னாமல் நின்ற நாலாம் நாள் காய்ச்சல் 104. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் உண்ணிக்காய்ச்சல். ஊசி போட்டு மூன்றாம் நாள் தின்ன ஆரம்பித்தான். ஆக ஒன்பது நாளும் இல்லை, ஏழு. அதிலும் பாதி காய்ச்சலின் கணக்கு.

பால் சங்கத்தில் இப்படிக் கணக்கு எழுதியிருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

ஆனால் டாக்டர் அன்று இன்னொன்றும் சொன்னார். உண்ணிக்காய்ச்சல் கிருமி ஒரு தரம் வந்த மாட்டின் உடம்பில் அடங்கிக் கிடக்கும், உடம்போ மனசோ தளரும்போது தலைதூக்கும் என்றார். அப்படியானால் காய்ச்சல் துக்கத்தால் வந்ததா, தின்னாமை காய்ச்சலால் வந்ததா? இழை பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. கேள்வி கேட்டவருக்கு அரைப் புள்ளி.

ஜனவரி 13, இரவு 10.10

டாக்டர் என்றதும் நினைவு வந்தது. முதல் தரம் அவர் எடத்தனைப் பார்க்க வந்தபோது நான் வீட்டில் இல்லை. உடுமலையிலிருந்து வந்திருந்த என் நாத்தனார்தான் இருந்தார். டாக்டர் மலையாளி, நல்ல மனுஷர். மாட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அதினு நல்ல சங்கடமுண்டு, கேட்டோ" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நாத்தனாருக்கு என்ன தோன்றும்? மாட்டுக்குச் சங்கடம் என்றால் வயிற்றுச் சங்கடம்தானே! ஓமம், பெருங்காயம், சுக்கு, வெல்லம் எல்லாம் இடித்து உருண்டை பிடித்து, வேளைக்கு ஒன்றாக மூன்று வேளை நாக்கைப் பிடித்து உள்ளே தள்ளியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது மாடு சாணி போட்டபடி நிற்கிறது, நாத்தனார் பெருமையோடு நிற்கிறார்.

மலையாளத்தில் சங்கடம் என்றால் துக்கம். டாக்டரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "வயறும் சரியாயல்லோ!" என்றார்.

சிரித்து முடித்த பிறகு யோசித்தேன். மலையாளத்துச் சங்கடம் கொஞ்சம் பெரியது, தமிழ்ச் சங்கடம் கொஞ்சம் சின்னது. எடத்தன் நின்ற நிலைக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை வேண்டும். நம் பக்கத்துப் பெரியவர்கள் "ஏங்கிப்போச்சு" என்பார்கள். தாய் செத்த கன்று, பால் மறந்த குழந்தை, இரண்டுக்கும் அதே சொல். இளைத்துப் போனதையும் அது சொல்லும், எதையோ தேடுவதையும் சொல்லும். உடம்பு வேறு மனசு வேறு என்று அந்த வார்த்தை பிரிக்கவே இல்லை. என் அப்புச்சியிடம், அம்மாவின் அப்பாவிடம், மாட்டுக்குத் துக்கம் உண்டா என்று கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது. "ஏங்கிப்போச்சு, சோளத்தட்டு கொஞ்சம் கூடப் போடு" என்றிருப்பார்.

ஜனவரி 15, இரவு 8.00

இன்று பட்டிப் பொங்கல். கொம்புக்கு வர்ணம் அடித்து, பட்டிக்குள் சாணியால் தெப்பக்குளம் கட்டி, "பட்டி பெருக, பால் பானை பொங்க" சொல்லி முடித்தோம். தெப்பக்குளத்தை மாடுகள் தாண்ட வேண்டும். எடத்தன் வழக்கம்போல் இடப்பக்க ஓரமாகப் போய்த் தாண்டினான். ஆடு வாழைப்பழத்தைத் தாம்பாளத்தோடு தள்ளிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

ஜனவரி 19, மாலை 4.45

"கன்று செத்தால் பசு ஏமாந்து பால் கொடுக்கிறதே, அதற்கு என்ன துக்கம்" என்று ஒருவர் வைக்கோல் கன்றை இழுத்துவிட்டிருக்கிறார். இது நான் கண்ணால் பார்த்த சங்கதி, அதனால் நீளமாகத்தான் வரும்.

இளையவர்களுக்காக: கன்று செத்துவிட்டால் பசு மடியில் பால் இருக்கும், இறக்காது. சுரப்பு விடவில்லை என்போம். பால் மடியில் ஊறுவது ஒன்று, காம்புக்கு இறங்குவது இன்னொன்று. கன்று முட்டினால், அல்லது பழகின கை தொட்டால், மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்கிற சுரப்பு ரத்தத்தில் இறங்கி மடியைப் பிழிந்துவிடும். அதன் வேகம் சில நிமிஷம்தான். மாடு மிரண்டால் வேறொரு சுரப்பு வந்து அதை அடைத்துவிடும். கறவைக்காரர் கறக்கும்போது எதிரில் நாய் வந்தால் திட்டுவது இதனால்தான்.

அந்தக் காலத்தில் செத்த கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவி, உள்ளே வைக்கோல் அடைத்து, நாலு மூங்கில் குச்சியைக் கால்களாக நட்டுப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். பசு அதை நக்கும். பால் இறங்கும். எங்கள் சங்கத்தில் ஒரு வீட்டம்மா அந்த வைக்கோல் கன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே பால் ஊற்ற வருவார். வீட்டில் விட்டுவிட்டு வந்தால் நாய் இழுத்துவிடுமாம்.

நான் சின்ன வயசில் இதைப் பச்சை ஏமாற்று என்று நினைத்தேன். அப்புறம் அந்த அம்மா வீட்டில் ஒரு நாள் காலைக் கறவையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பசுவுக்கு இரண்டு குரல். கன்று தொலைவில் இருந்தால் வாய் திறந்து ஊருக்கே கேட்கிற மாதிரி "ம்மா". கன்று காலடியில் இருந்தால் வாய் மூடியபடி அடித்தொண்டையில் ஒரு முனகல். இங்கிலாந்தில் இதை ஒலிப்பதிவு செய்து அளந்தும் பார்த்திருக்கிறார்கள், இரண்டும் வேறு வேறு சுருதிதான். அந்தப் பசு வைக்கோல் கன்றை நக்கியபோது இரண்டாவது குரலில் முனகியது. உப்புக்காக மட்டும் நக்கினால் அந்தக் குரல் எதற்கு?

இத்தோடு முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு நாளும் பார்த்தேன். தோல் தையல் பிரிந்து வயிற்றுப் பக்கம் வைக்கோல் துருத்திக்கொண்டிருந்தது. பசு முனகிக்கொண்டே நக்கியது, நக்கிக்கொண்டே வந்து துருத்தின வைக்கோலைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தது. பால் நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா வாளியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "அது அப்படித்தான் அம்மணி, விடு" என்றார்.

உங்கள் ஆட்டைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு இந்தப் பசுதான் கண்ணுக்குள் நிற்கிறது. அதற்குக் கன்றும் வேண்டியிருந்தது, வைக்கோலும் வேண்டியிருந்தது.

ஜனவரி 20, இரவு 9.15

கோயம்புத்தூரில் இருக்கிற என் மகன் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "அம்மா, சும்மா கதை சொல்லாதே, ஆராய்ச்சி இருக்கிறது" என்று போனில் ஒப்பித்தான். எனக்கு மனசில் நின்ற இரண்டு: 2001-இல் இங்கிலாந்தில் கெண்ட்ரிக் என்பவரும் கூட்டாளிகளும் செம்மறி ஆட்டுக்கு மற்ற ஆடுகளின் முகப் படத்தைக் காட்டிப் பழக்கினார்கள். ஐம்பது முகத்தை அது இரண்டு வருஷத்துக்கு மேல் மறக்கவில்லை. செம்மறியை நாம் என்ன சொல்லித் திட்டுகிறோம்! இன்னொன்று, கறவை மாடுகளைப் பழகின ஜோடியோடு அரை மணி தனியாக அடைத்தால் நெஞ்சுத் துடிப்பு குறைவாக இருந்ததாம், பழகாத மாட்டோடு அடைத்தால் கூடியதாம். மெக்லெனன் என்ற அம்மா செய்தது.

கன்றைப் பிரித்த பசுவுக்குக் கண்ணின் வெள்ளை கூடுதலாகத் தெரிகிறது என்று நார்வேக்காரர்கள் அளந்திருக்கிறார்கள். இது எங்கள் சந்தைத் தரகர்களுக்குத் தெரிந்ததே. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிற ஆள், மாட்டின் கண் வெள்ளையைப் பார்த்தே "மிரட்சி மாடு" என்று ஐந்நூறு குறைப்பார். கன்றைப் பிரித்துக் கொண்டுவந்ததால்தான் மிரட்சி என்று அவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும்.

பிரிவுக்கு அதற்கு நோவு உண்டு என்பது வரை எனக்குச் சந்தேகமே இல்லை. பிரிவும் சாவும் அதற்கு வேறு வேறா என்பதுதான் தெரியாமல் இருக்கிறது. கேட்டைப் பார்த்து நின்றானே எடத்தன், லாரி வந்தால் கத்தினானே. அவன் கணக்கில் வலத்தன் சாகவில்லையோ என்னவோ. லாரி ஏறிப் போயிருக்கிறான். அவனுக்குத் தெரிந்த பிரிவு லாரிதானே.

ஜனவரி 20, இரவு 9.50

மேலே எழுதினதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் அதிகமாகிவிட்டது. மாட்டின் மனசுக்குள் நானே லாரி ஓட்டுகிறேன்.

ஜனவரி 24, பகல் 11.30

மணி கட்டிப் பார்த்தீர்களா, வேறு ஜோடி சேர்த்தீர்களா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

முதலில் ஒரு விவரம், முன்பே சொல்லியிருக்க வேண்டும். எடத்தனுக்கு வலது கண்ணில் பூ விழுந்திருக்கிறது. வரும்போதே அப்படித்தான். அந்தப் பக்கம்தான் வலத்தன் நிற்பான், ஆகையால் அந்தக் கண்ணுக்கு வேலையே இல்லாமல் இருந்தது. வலத்தன் போன பிறகு வலப்பக்கம் யார் போனாலும் திடுக்கிட்டு உதைத்தான். என் வீட்டுக்காரர் முழங்காலில் வாங்கி ஒரு வாரம் படுத்தார். இதைச் சொன்னால், அவன் ஏங்கினது கூட்டாளிக்கா, போன கண்ணுக்கா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணின எனக்கே அந்த இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை, மாட்டிடம் போய் என்ன கேட்பது.

வலத்தன் கழுத்து வெண்கல மணியை ஒரு கிடாரிக்குக் கட்டி வலப்பக்கம் நிறுத்தினோம். மணிச் சத்தம் கேட்டதும் எடத்தன் தலையை முழுக்கத் திருப்பினான். நல்ல கண்ணால் பார்த்தான், கிட்டே போய் மோந்தான், மேல் உதட்டைச் சுருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் கயிறு எட்டுகிற அளவுக்கு விலகிப் போய்விட்டான். மூன்று நாள் பார்த்துவிட்டு மணியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். செய்திருக்கக் கூடாது. செத்தவர் சட்டையை இன்னொருத்தருக்குப் போட்டு வாசலில் நிறுத்தின மாதிரி இருந்தது.

அந்த இடத்தைக் கடைசியில் பிடித்தது வக்கீல். ஆட்டின் பெயர். வந்த புதிதில் மாடுகளின் வழக்குக் காகித நகல் ஒன்றைத் தின்றதால் வந்த பட்டம். எடத்தனின் குருட்டுக் கண் பக்கம் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். வருகிறவர்கள் எல்லாரும் போட்டோ எடுத்து "என்ன நட்பு!" என்பார்கள். நானும் ஆறு மாசம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தீவனம் வைத்துவிட்டு மறைந்து நின்று பார்த்தேன். எடத்தனுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து தலையை விட்டுப் பருத்திக்கொட்டையைத் திருடிக்கொண்டிருக்கிறது பயல். நட்பின் ஆரம்பம் அது.

ஆனால் இப்போது நாங்கள் ஆட்டைப் பிடித்து அப்பால் கட்டினால் எடத்தன் படுப்பதில்லை. விடிய விடிய நின்றே இருக்கிறான். அவனைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் உடம்புச் சூட்டோடு ஒன்று இருக்கிறது, அது திருட வந்ததா துணைக்கு வந்ததா என்று விசாரிக்கவில்லை.

பிப்ரவரி 2, காலை 7.10

கழுதை வைத்திருக்கிற ஒருவர் எழுதியிருக்கிறார், ஜோடியில் ஒன்று நோயாகக் கிடக்கிறதாம். ஐயா, இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். கழுதைக்கு ஜோடிப் பற்று மிக அதிகம். ஒன்று போனால் மற்றது தின்னாமல் நின்றுவிடும். கழுதை தின்னாமல் நின்றால் உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் ஏறி, ஈரல் கெட்டு, உயிருக்கே ஆபத்தாகும். மாட்டைப் போல் நாலு நாள் பொறுத்துப் பார்க்கிற வேலை அங்கே கிடையாது, உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். இங்கிலாந்தில் 1969-இலிருந்து கழுதைக் காப்பகம் நடத்துகிறவர்கள் சொல்வது: ஒன்று செத்தால் உடலை உடனே எடுக்காதீர்கள், மற்றது மோந்து பார்த்து, தானாக விலகிப் போகும் வரை விட்டுவையுங்கள்.

நான் இதைப் படித்தது வலத்தனைப் புதைத்து இரண்டு மாசம் கழித்து. எடத்தனைக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் கட்டினது நான்தான். அவன் மிரளுவான் என்று சொன்னேன். உண்மையில் ஜேசிபிக்காரர் அவசரப்படுத்தினார், எனக்கும் தூக்கம் வந்தது.

பிப்ரவரி 3

கழுதைக்காரர் கேட்கிறார்: வக்கீலைக் கடனாகத் தருவீர்களா என்று. கட்டணம் அதிகம் வாங்கும், வேண்டாம்.

மார்ச் 8, மாலை 6.20

ஒரு மாசமாக எழுதவில்லை. எருமை கருப்பாத்தா நேற்று முன்தினம் சாயங்காலம் போய்விட்டாள். வயசுதான். வைக்கோல் போர் அடியில் படுத்தவள் எழவில்லை.

இந்தத் தரம் ஜேசிபியை மறுநாள் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னேன். ராத்திரி பட்டியில் எல்லாரையும் கயிறு அவிழ்த்து விட்டுவிட்டு, கட்டிலை வெளியே போட்டு உட்கார்ந்தேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

மணியக்காரி முதலில் வந்தாள். அதிகாரம் பண்ணுகிற ஜெர்சிக் கலப்பு, அதனால் அந்தப் பெயர். இவளும் கருப்பாத்தாவும் ஆறு வருஷம் ஒரே கட்டுத்தறி. மூக்கு, மடி, வால் என்று மோந்தாள். ஒரு நிமிஷம் இருக்கும். நேராகக் கருப்பாத்தாவின் தொட்டிக்குப் போய் மிச்சம் இருந்த தவிட்டை நக்கித் தின்றாள். கேள்வி கேட்டவரே, உங்களைத்தான் நினைத்தேன். இவ்வளவுதானா என்று எனக்குக் கோபமாகக் கூட வந்தது.

கிடாரிகள் தூரத்திலிருந்து மூச்சு விட்டுப் பார்த்துவிட்டுப் போயின.

வக்கீல் வந்து பிணத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. சூடு இருந்திருக்கும். இறக்கிவிட்டேன், மறுபடி ஏறியது. விட்டுவிட்டேன்.

இரண்டு மணி வாக்கில் எடத்தன் வந்தான். கருப்பாத்தாவோடு அவனுக்குப் பெரிய ஒட்டுறவு ஒன்றும் இல்லை. கிட்டே வந்து நெடுநேரம் மோந்தான். அப்புறம் திரும்பி, அவள் உடம்பு தன் வலப்பக்கம் வருகிற மாதிரி நின்றான். ஆடு அங்கே இருந்ததால் வந்து நின்றிருக்கலாம், மறுக்கவில்லை. விடியும் வரை அசை போட்டுக்கொண்டு நின்றான். ஜேசிபி சத்தம் கேட்டதும் தானாகவே விலகினான். கத்தவில்லை.

காலையில் எல்லாரும் தின்றார்கள். நானும் இரண்டு இட்லி தின்றேன்.

மார்ச் 11, இரவு 9.00

மணியக்காரியைப் பற்றி அவசரப்பட்டுவிட்டேன்.

எட்டாம் தேதி ராத்திரி வரை ஒன்றும் இல்லை. ஒன்பதாம் தேதி சாயங்காலம் பட்டியில் அடைக்கிற நேரம் கட்டுத்தறிக்குப் போனவள் உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றாள். வாய் திறந்து, கழுத்தை நீட்டி, அந்த முதல் குரல். அவளுக்குக் கன்று பிறந்து பன்னிரண்டு வருஷம் இருக்கும், அந்தக் குரலை நான் இங்கே கேட்டதே இல்லை. ஒரு மணி நேரம் கத்தினாள். நேற்றும் அதே நேரம் அதே இடம். இன்று கொஞ்சம் குறைவு. பகலில் நன்றாகத்தான் மேய்கிறாள், தவிடு மிச்சம் வைப்பதில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று உடனே பார்த்துவிட்டேன், இல்லை. வீட்டுக்காரர் சீட்டில் எழுதியும் வைத்துவிட்டார்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு கேள்வி. உங்கள் ஆடு தவிட்டைத் தின்றது முதல் நாள். மூன்றாம் நாள் அது என்ன செய்தது என்று நீங்கள் எழுதவே இல்லையே?

மார்ச் 13, காலை 6.05

பதில் போட்டிருக்கிறார். அப்படியே கீழே எழுதுகிறேன்: "ஒற்றை ஆட்டை வைத்து என்ன செய்வது என்று மறுநாளே சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டோம். மூன்றாம் நாள் அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது."